காகிதக் குழலும் ஊதாங்குழலும்

நம்முடைய கதைகளில் ஆண்கள் எப்படிச் சாகிறார்கள், பெண்கள் எப்படிச் சாகிறார்கள் என்று நீங்கள் எப்போதாவது கணக்குப் பார்த்ததுண்டா? வேலை ஓடாத ஒரு பிற்பகலில் நான் பார்த்தேன். ஆணாக இருந்தால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், தந்தியைப் பிரிப்பார், மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வார். உடனே ஒருவன் சைக்கிளில் ஓடுவான். டாக்டர் பையோடு வந்து, "மாரடைப்பு" என்று சொல்லி மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். பெண்ணாக இருந்தால் அவள் 'நெஞ்சம் வெடித்து' இறந்துபோவாள். அல்லது ஏங்கி ஏங்கி உருகிப் போவாள். அதற்கு டாக்டர் வருவதில்லை. அது வியாதி அல்ல, கதை. நானே இரண்டு நாவல்களில் இரண்டு தாய்மார்களை இப்படி அனுப்பிவைத்திருக்கிறேன். வாசகர்கள் அழுதார்கள். அந்த அம்மாக்களுக்கு உண்மையில் என்ன உடம்பு என்று ஒருவரும் கேட்டு எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

இந்தக் குற்ற உணர்ச்சிக்கு ஒரு பூர்வ கதை உண்டு. சின்னமனூரில் என் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊரைப் பற்றி நான் வர்ணிக்க வேண்டியதில்லை. மேற்கே மலை, கிழக்கே மேகமலை, நடுவில் பச்சைப் பாயை விரித்தாற்போல் இரு போகம் விளையும் வயல்கள். பெரியாற்று அணை 1895-ல் முடிந்து, மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்துகொண்டு கிழக்கே விழ ஆரம்பித்த பிறகு வந்த செழிப்பு அது. பெரியப்பாவுக்கு நாலு ஏக்கர் நன்செய். பெரியம்மாவுக்கு ஒரு பெரிய அடுப்படி.

அவள் படுத்துத் தூங்கி நான் பார்த்ததில்லை. இரவில் சுவரில் ஒரு தலையணையைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவாள். "உங்க பெரியம்மா தூங்கவே மாட்டாடா. எந்நேரமும் வீட்டு நினைப்புத்தான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். கிணற்றிலிருந்து தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும்போது வழியில் இரண்டு தடவை நிற்பாள். ஊர்ப் பெண்கள், "கேஸ்தான் மதினி, சுக்கைத் தட்டிப் போட்டுக் குடிங்க" என்பார்கள். அவளும் குடித்தாள். நாலாவது பிள்ளை வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது, ஒரு விடியற்காலையில் மூச்சுத் திணறி, வாயில் நுரை தள்ளி, வண்டி கட்டுவதற்குள் முடிந்துபோயிற்று. பிரசவ தோஷம் என்றார்கள். 1960-ஐ ஒட்டிய வருஷம் அது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் பெரியப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்த இரவு. வீடே அலறியது. டாக்ஸி பிடித்து, நூறு கிலோமீட்டர் தள்ளி மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் வைத்துப் பார்த்து, உளுந்து வடையால் வந்த வாயு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் எண்பத்தொரு வயது வரை இருந்தார்.

ஆணின் வாயுவுக்கு இருதய வைத்தியம். பெண்ணின் இருதயத்துக்கு வாயு வைத்தியம். இதை எங்கள் வீட்டு விஷயம் என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தேன். படிக்கப் படிக்கத்தான் இது எவ்வளவு பெரிய வீடு என்று தெரிந்தது.

டாக்டர்களின் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது பிறந்ததே ஒரு பெண்ணின் இருதயத்தினால்தான். 1816-ஆம் வருஷம், பாரிஸில் நெக்கர் ஆஸ்பத்திரியில் ரெனே லேனெக் என்ற டாக்டரிடம் இருதயக் கோளாறின் அறிகுறிகளோடு ஓர் இளம் பெண் வந்தாள். அந்த நாளில் டாக்டர்கள் நோயாளியின் மார்பில் நேரே காதை வைத்துத்தான் கேட்பார்கள். வந்தவளோ இளம் வயதுக்காரி, பெண். லேனெக் கூச்ச சுபாவம் உள்ளவர். விரலால் தட்டிப் பார்க்கலாமென்றால் அவள் சற்றுப் பருத்த உடம்புக்காரி, ஒன்றும் புலப்படவில்லை. ஒரு கணம் தயங்கினார். பிறகு மேஜை மேல் கிடந்த காகிதக் கட்டை எடுத்து இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறு முனையைத் தம் காதிலும் வைத்தார். நேரே காதை வைத்துக் கேட்டதைவிடத் தெளிவாக இருதயம் கேட்டது. அப்புறம் மரத்தில் குழல் கடைந்துகொண்டார். 1819-ல் புத்தகம் எழுதினார். 1826-ல் தாம் குழல் வைத்துக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட அதே க்ஷயரோகத்தால் நாற்பத்தைந்தாவது வயதில் காலமானார். அந்தப் பெண்ணின் பெயரை அவர் எழுதிவைக்கவில்லை.

இந்தச் சம்பவத்தை மாதர்க்குக் கிடைத்த மரியாதை என்றும் சொல்லலாம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பெண்ணின் நெஞ்சுக்கும் டாக்டரின் காதுக்கும் நடுவே ஒரு தூரம் இருந்தது. லேனெக் அந்தத் தூரத்தை ஒரு முழம் காகிதத்தால் கடந்தார். கடக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. எல்லா டாக்டர்களுக்கும் அது இருந்துவிடவில்லை.

லேனெக்குக்கு அரை நூற்றாண்டு முந்தி லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற டாக்டர், நடக்கும்போது மார்பை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வலியைப் பற்றி முதல் முதலாகத் தெளிவாக எழுதினார். 1768-ல் வாசித்து 1772-ல் அச்சான கட்டுரை அது. பிற்பாடு தம் அனுபவத்தைத் தொகுத்தபோது, அந்த வலியோடு தாம் கண்டவர்கள் ஏறக்குறைய நூறு பேர் என்று கணக்குக் கொடுத்தார். அவர்களில் பெண்கள் மூன்று பேர்; பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன்; மற்ற எல்லாரும் ஐம்பதை நெருங்கிய அல்லது தாண்டிய ஆண்கள். ஹெபர்டன் பொய் சொல்லவில்லை. அவரிடம் வந்தவர்களை எண்ணினார். வராதவர்களை எண்ண முடியாது. ஆனால் அதற்குப் பின் வந்த பல தலைமுறை மாணவர்கள் அந்தக் கணக்கை இயற்கையின் கணக்கு என்று எடுத்துக்கொண்டார்கள்.

வராதவர்களின் கணக்கு நம் ஊரில் எப்படி இருந்தது என்பதற்குத் திண்டிவனத்து இரவு ஒன்றே போதும். அமெரிக்க மிஷன் டாக்டர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா ஸ்கடர், 1890-களின் தொடக்கத்தில், தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று இந்தியா வந்திருந்தாள். ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறொரு ஹிந்து. மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். தகப்பனார் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றாள் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றார்கள் மூவரும். அவள் டாக்டர் இல்லை. பொழுது விடிந்தபோது மூன்று வீட்டிலும் சாவு. ஐடா அமெரிக்கா போய் வைத்தியம் படித்துவிட்டு 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைய பெரிய ஆஸ்பத்திரி.

சென்னையில் இன்னும் முன்னாடியே மேரி ஷார்லீப் என்ற வக்கீல் வீட்டு அம்மாள் இதே காரணத்துக்காக 1875-ல் மருத்துவக் கல்லூரியில் மூன்று பெண்களோடு சேர்ந்து படித்தாள். 1885-ல் கோஷா ஸ்திரீகளுக்கென்று அவள் முயற்சியில் ஓர் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா பெயரில் இருக்கிறதே, அதுதான். மதுரைக்கு பாலின் ரூட் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் வந்ததும் 1885-ல்தான். அவளுக்குப் பின் ஹாரியட் பார்க்கர் 1895-ல் வந்தாள். பெரியாற்றுத் தண்ணீர் பள்ளத்தாக்குக்கு வந்த அதே வருஷம். தண்ணீர் வந்து சேர்ந்த வேகத்தில் டாக்டர் வந்து சேரவில்லை. கம்பத்திலிருந்து ஒரு பெண் மதுரைக்கு மாட்டு வண்டியில் போக வேண்டுமென்றால் வழியில் எத்தனை இரவு! வழித்துணைக்கு எத்தனை ஆண்கள்! அத்தனை பேரும் ஒருமித்து 'போகலாம்' என்று சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் பிரசவ ஆஸ்பத்திரிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். பெண் என்றால் கர்ப்பப் பை. அதற்கு மேலே இருப்பது பற்றி ஆராய்ச்சி இல்லை. பெரியம்மாவின் சாவைப் பிரசவக் கணக்கில் எழுதிக்கொண்டதும் அதனால்தான்.

அவளுக்கு என்ன உடம்பு என்று பல வருஷங்களுக்குப் பின் ஒரு டாக்டர் நண்பரிடம் அடையாளங்களைச் சொல்லிக் கேட்டேன். உட்கார்ந்தே தூங்கியது, குடத்தோடு நின்றது, எட்டாம் மாதம், நுரை எல்லாவற்றையும் சொன்னேன். "மைட்ரல் வால்வு சுருக்கமாக இருக்கும். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா?" என்று கேட்டார். வந்தது. பத்து வயதில் ஒரு மாதம் முழங்கால் வீங்கிப் படுத்திருந்ததாக என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்த நோயின் போக்கே ஒரு நாவல் மாதிரி. முதல் அத்தியாயம் தொண்டை வலி. ஒரு வகைக் கிருமி. நெருக்கமான வீட்டில் ஒரே பாயில் படுக்கும் குழந்தைகளுக்குள் சுலபமாகப் பரவும். பிறகு மூட்டுக் காய்ச்சல். மூட்டைத் தொட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் இருதயத்தில் தங்கிவிடும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் கதவு தடித்து ஒட்டிக்கொண்டு வருஷத்துக்கு வருஷம் குறுகும். நாலு அல்லது ஐந்து சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டிய வாசல் ஒன்றாகக் குறைந்துவிடும். பின்னால் ரத்தம் தேங்கி நுரையீரலில் ஊறும். படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் கொஞ்சம் இதம். கர்ப்பமான பெண்ணின் உடம்பில் ரத்தத்தின் அளவு பாதிக்குப் பாதி கூடி ஏழு, எட்டாம் மாதத்தில் உச்சத்தை எட்டும். அந்தக் குறுகிய வாசல் அதைத் தாங்காது. இந்த வால்வு சுருங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் என்பது மருத்துவப் பாடம். மேல்நாடுகளில் நடுவயதில் முற்றும் இந்த நோய் நம் நாட்டில் இருபது வயதுக்குள்ளேயே முற்றிவிடுகிறது என்று 1963-ல் டில்லி டாக்டர்கள் எழுதினார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், பெரியம்மா செத்தபோது இதற்கு வைத்தியம் இருந்தது. அதுவும் தமிழ்நாட்டில் இருந்தது.

1923-ல் பாஸ்டனில் எலியட் கட்லர் என்ற சர்ஜன் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் இருதயத்துக்குள் கத்தியை விட்டு அந்த வால்வைத் திறந்தார். அவள் நாலு வருஷத்துக்கு மேல் இருந்தாள். 1925-ல் லண்டனில் ஹென்றி ஸௌட்டர் கத்தியைக்கூட விடவில்லை. ஓர் இளம் பெண்ணின் இருதயத்தில், இடது மேலறையில் காது மடல் போலத் தொங்கும் பகுதி வழியாகத் தம் விரலையே உள்ளே விட்டு வால்வை விலக்கினார். அவளும் பிழைத்தாள். சரி, அடுத்த நோயாளி? வரவே இல்லை. இருதயம் கெட்டால் அதற்கு மருந்துதான், சர்ஜனுக்கு அங்கே என்ன வேலை என்று மற்ற டாக்டர்கள் ஒருவரையும் அவரிடம் அனுப்பவில்லை. உலகத்தில் எத்தனை பெரியம்மாக்கள் சுவரில் சாய்ந்து தூங்கிய இருபத்து மூன்று வருஷங்கள் அவை! 1948-ஆம் வருஷம் ஜூன் மாதம் பிலடெல்பியாவில் சார்லஸ் பெய்லி மறுபடி முயன்றார். அதற்கு முன் அவர் கையில் சிலர் இறந்திருந்தார்கள். தம்மை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் ஒரே நாளில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் இரண்டு ஆபரேஷன் வைத்துக்கொண்டார். காலையில் செய்த நோயாளி போய்விட்டார். அந்தச் செய்தி மறு ஆஸ்பத்திரியை எட்டுவதற்குள் மத்தியானம் அடுத்ததைச் செய்தார். இருபத்து நாலு வயதுப் பெண்; பிழைத்தாள். அப்புறம்தான் உலகம் நம்பியது. வரிசையாகப் பாருங்கள்: சிறுமி, இளம் பெண், இளம் மனைவி. இருதயத்தின் கதவைத் திறக்கும் வித்தையை டாக்டர்கள் கற்றுக்கொண்டது பெண்களின் மார்பில்தான்.

அந்தக் காலத்திலேயே ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க சர்ஜன் வேலூருக்கு வந்து மார்பு அறுவை வைத்தியப் பிரிவை ஏற்படுத்தினார். ஆண் டாக்டர் வாசல் தாண்டக் கூடாது என்று மூன்று பெண்கள் செத்ததினால் எழுந்த ஆஸ்பத்திரியில், சர்ஜனின் விரல் இருதயத்தின் உள்ளே போயிற்று. அங்கே ஸ்டான்லி ஜானும் அவருடைய சகாக்களும் 1983-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இந்த ஓர் ஆபரேஷன் மட்டும் 3,724 பேருக்கு! உலகத்திலேயே மிகப் பெரிய தொகுதிகளில் ஒன்று. அந்த 3,724-ல் சின்னமனூர்க்காரி ஒருத்தி இல்லை. வேலூர் தூரமா என்றால் தூரம்தான். ஆனால் உளுந்து வடைக்கு மதுரை வரை கார் போயிற்று என்பதை நான் மறக்கவில்லை.

பள்ளத்தாக்கிலிருந்து மதுரைக்குப் போவதன் சரித்திரத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். போடிநாயக்கனூர் வரை 1928-ல் ரயில் வந்தது. யுத்த காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களின் முற்பாதியில் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்தியது 2022-ல்தான் தேனியை எட்டியது. அடுத்த வருஷம் போடி. கம்பத்துக்கு ரயில் வரவே இல்லை. மதுரை ஜில்லாவாக இருந்த பகுதி 1997-ல் தேனி மாவட்டம் ஆயிற்று. இந்த நூற்றாண்டு பிறந்த பிறகு ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. தூரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. நான் சொல்லும் தூரம் கிலோமீட்டர் தூரம்.

இனி நான் சொல்லப்போகும் அம்மாளைப் பற்றி ஒரு நாவலே எழுதலாம். எழுதாமல் விட்டது என் தவறு. டாக்டர் எஸ். பத்மாவதி 1917-ல் பர்மாவில் பிறந்தவர். ரங்கூனில் வைத்தியம் படித்தார். 1942-ல் ஜப்பானியர் நெருங்கியபோது தாயாரோடும் சகோதரிகளோடும் விமானம் ஏறிக் கோயமுத்தூர் வந்து சேர்ந்தார். வீட்டு ஆண்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். யுத்தம் முடிகிற வரை அவர்கள் இருக்கிறார்களா, இல்லையா என்று தெரியாது. யுத்தம் முடிந்ததும் லண்டன் போனார். பிறகு அமெரிக்காவில் ஹெலன் டாஸிக்கிடமும் பால் டட்லி ஒயிட்டிடமும் பயின்றார். டாஸிக் அம்மாள்தான், நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளைக் காப்பாற்றும் ஆபரேஷனுக்கு யோசனை தந்தவர். 1944-ல் பால்டிமோரில் அது முதலில் செய்யப்பட்டதும் ஒரு பெண் குழந்தைக்கே. ஒயிட்டோ, 1955-ல் ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது பார்த்தவர். இந்த இருவரிடமும் கற்றுக்கொண்டு பத்மாவதி 1953-ல் டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரிக்கு வந்தார். பெண்கள் மட்டுமே படிக்கும் மருத்துவக் கல்லூரி அது. நோயாளிகளும் பெண்களும் குழந்தைகளும். 1954-ல் அங்கே இருதயக் குழாய்ப் பரிசோதனைக் கூடம் திறந்தார். இந்தியாவின் முதல் பெண் இருதய நிபுணர் அவர். 2020 ஆகஸ்டில் நூற்று மூன்றாவது வயதில் கோவிட் நோயால் காலமானார்.

அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன். நுரையீரல் கெட்டு அதனால் இருதயத்தின் வலப் பக்கம் வீங்கிச் சோர்ந்துபோகும் ஒரு வியாதி. மேல்நாட்டுப் புத்தகங்களில் அது சுருட்டும் சிகரெட்டும் குடிக்கும் கிழவர்களின் வியாதி. டில்லியில் பார்த்தால் பெண்கள் வந்தபடி இருந்தார்கள். அதுவும் இளைய வயதில். அவர்கள் சிகரெட்டைத் தொட்டதில்லை. பத்மாவதியும் அவர் சகாவும் 127 நோயாளிகளை ஆராய்ந்து 1959-ல் எழுதினார்கள். புகை சுருட்டிலிருந்து வரவில்லை, அடுப்பிலிருந்து வந்தது. வறட்டியும் விறகும் எரிய, ஜன்னல் இல்லாத அடுப்படியில் பன்னிரண்டு, பதின்மூன்று வயது முதல் குனிந்து உட்கார்ந்து ஊதிய புகை.

இதைப் படித்த அன்று என் நினைவுக்கு வந்தது பெரியம்மாவின் ஊதாங்குழல். இரும்புக் குழல், ஒரு முனை உதட்டில் தேய்ந்து வழவழப்பாகவும், மறு முனை கரியாகவும் இருக்கும். ஈர விறகு அடம்பிடிக்கும்போது ஊதுவாள், இருமுவாள், மறுபடி ஊதுவாள். வால்வு சுருங்கி ஏற்கனவே நீர் கோத்த நுரையீரலிலிருந்து அத்தனை மூச்சையும் திரட்டி ஊதியிருக்கிறாள் என்பது இப்போது தெரிகிறது. அந்தச் சோற்றைத்தான் நாங்கள் தின்றோம். 2016-ல் கேஸ் இணைப்பு ஏழை வீடுகளுக்குப் பரவலாகத் தரப்பட்டபோது செலவுக் கணக்கைப் பற்றி மேடையில் நிறையப் பேசினார்கள். 1959-ன் 127 பேரை யாரும் பேசி நான் கேட்கவில்லை.

மேல்நாட்டிலாவது நியாயம் இருந்ததா? 1964-ல் அமெரிக்காவில் ஓரிகான் மாகாணத்தில் இருதய நோய் பற்றிப் பெண்களுக்கென்றே ஒரு மாநாடு கூட்டினார்கள். அந்தக் காலத்துக்குப் பெரிய புரட்சி என்று நினைக்கத் தோன்றும். பொருள் என்ன தெரியுமா? கணவனின் இருதயத்தை மனைவி எப்படிப் பாதுகாப்பது! என்ன சமைத்துப் போடுவது, கோபம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது! நம் ஊர் மாமியார்கள் இலவசமாகச் செய்யும் உபதேசத்துக்கு அங்கே மேடை போட்டிருந்தார்கள்.

விஞ்ஞானிகளில் சிலர் ஆரம்பத்திலேயே கண் திறந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1948-ல் பிரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 5,209 பேரை வாழ்நாள் முழுவதும் கவனிக்க ஆரம்பித்தபோது, அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் அதற்குப் பின் வந்த பெரிய சோதனைகளில் பெண்கள் மறைந்தே போனார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்த்த பிரசித்தமான சோதனையில் 22,071 பேர். அத்தனை பேரும் ஆண் டாக்டர்கள். தடுக்கிறது என்று 1980-களின் கடைசியில் முடிவு சொன்னார்கள். உலகமே, ஆண் பெண் பேதமில்லாமல், விழுங்க ஆரம்பித்தது. பெண்களை வைத்து அதே கேள்வியைக் கேட்ட சோதனை 2005-ல்தான் வெளிவந்தது. 39,876 பெண்கள். முதல் மாரடைப்பை அது மொத்தத்தில் தடுக்கவில்லை. பக்கவாதத்தைக் கொஞ்சம் குறைத்தது. ஆக, பெண்ணின் உடம்பு ஆணின் உடம்புக்கு அச்சடித்த நகல் அல்ல.

1991-ல் பெர்னடீன் ஹீலி என்ற இருதய நிபுணர் இந்த வியாதிக்கு ஒரு பெயர் வைத்தார். வைத்தியர்களைப் பிடித்திருக்கும் வியாதிக்கு. பெயரை எடுத்த இடம் ஒரு சிறுகதை என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். ஐசக் பாஷெவிஸ் சிங்கரின் கதையில் யெண்டல் என்ற யூதப் பெண், வேதம் படிப்பதற்காக ஆண் வேஷம் போட்டுக்கொள்வாள். இருதய ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் என்றார் ஹீலி. ஆணுக்கு வருகிற மாதிரியே தனக்கும் வந்திருக்கிறது என்று நிரூபித்த பிறகே பெண்ணுக்கு ஆணுக்குரிய வைத்தியம் கிடைக்கிறது. பெண்களுக்கும் பெரும்பாலும் மார்பு வலிதான் வருகிறது. ஆனால் மூச்சிரைப்பு, காரணம் தெரியாத அசதி, குமட்டல், முதுகிலும் தாடையிலும் வலி என்று கூடவே வருவன அதிகம். அவள் அசதியை முதலில் சொல்கிறாள். அசதி பெண்ணுக்குச் சகஜம்தானே என்று கேட்பவர் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்.

ஒரு கணக்கை மட்டும் கடைசிக்கு வைத்திருக்கிறேன். சொல்லக் கஷ்டமான கணக்கு. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து டாக்டர்கள் 2011-ல் வெளியிட்டது. பிறவி இருதயக் கோளாறுக்கு ஆபரேஷன் தேவை என்று சொல்லி அனுப்பப்பட்ட, பன்னிரண்டு வயது வரையுள்ள 405 குழந்தைகளின் பெற்றோரை விசாரித்தார்கள். பையன்களில் நூற்றுக்கு 70 பேருக்கு ஆபரேஷன் நடந்தது. பெண் குழந்தைகளில் 44. நடக்காததற்கு என்ன காரணம்? பணமில்லை என்பது எல்லாருக்கும் உள்ளது. பெண்ணாக இருந்தால் அதோடு ஒன்று சேர்ந்துகொள்கிறது: நெஞ்சில் வெட்டுத் தழும்போடு நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்?

டில்லியை ஏன் சொல்லவேண்டும்? எங்கள் மதுரைச் சாலை உசிலம்பட்டி வழியாகத்தான் போகிறது. 1986-ல் அந்த ஊரின் பெயர் பெண் சிசுக்களின் சாவோடு சேர்ந்து பத்திரிகைகளில் வந்தது. அந்த ஊரை மட்டும் சொல்வது நியாயமில்லை. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் விரிவாக்கியபோது மதுரை, திண்டுக்கல், தர்மபுரியோடு தேனிக்கும் தொட்டில் வந்தது. பிறந்த உடனே ஒரு விசாரணையில் தப்பிய பெண் குழந்தைக்கு, இருதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொல்லும்போது இரண்டாவது விசாரணை.

மாறவில்லை என்று சொன்னால் நான் பொய்யன். 2008-ல் 108 வண்டி வந்தது. 2009-ல் முதலமைச்சர் காப்பீடு வந்தது. லட்ச ரூபாய் ஆபரேஷன் என்று பயந்த வீடுகளில் அந்தப் பயம் குறைந்தது. 2023-ல் 'இதயம் காப்போம்' என்ற திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது. வால்வைத் திறக்க இப்போது மார்பையே கிழிப்பதில்லை. ஜப்பானில் இனோவே என்ற டாக்டர் 1982-ல் செய்துகாட்டியபடி தொடை ரத்தக் குழாய் வழியாக ஒரு பலூனை அனுப்பி விரிக்கிறார்கள், தழும்பே இல்லை. மூட்டுக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி தவறாமல் போட்டு வந்தால் வால்வு அந்த நிலைக்குப் போகாமலே காக்கலாம். மலிவான ஊசிதான். பையனை அழைத்துப்போகும் அதே ஒழுங்கோடு பெண்ணையும் வருஷக்கணக்கில் யாராவது அழைத்துப்போக வேண்டும்.

போன தை மாதம் கம்பத்தில் ஒரு உறவினர் வீட்டில் தங்கினேன். விடியற்காலை நாலரை மணிக்கே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிட்டன. மலைக்கு மேலே கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள், கையில் தூக்குச் சட்டி, தலையில் துண்டு, ஒரு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் பின்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும்.

"என்னத்தா செய்யுது?" என்றாள் உள்ளே இருந்தவள்.

"ஒண்ணுமில்ல, கேஸுதான். முதுகுல பிடிச்சிருக்கு."

நான் வாசலில் நின்றிருந்தேன். முன்பின் தெரியாத பெண். சொல்லலாமா, கூடாதா என்று லேனெக் தயங்கிய நேரத்துக்கு மேலேயே நான் தயங்கிவிட்டேன். பிறகு இறங்கிப் போய், "அம்மா, இன்னிக்கு மலை ஏற வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னிக்குச் சம்பளம் போயிரும் சாமி" என்றாள்.

டிரைவர் ஹாரன் அடித்தான். உள்ளே இருந்த பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி, அவள் மகளாகவோ மருமகளாகவோ இருக்க வேண்டும், பேசாமல் கீழே குதித்து இரண்டு தூக்குச் சட்டிகளையும் வாங்கிக்கொண்டாள். ஜீப் போய்விட்டது. இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்தார்கள். வழியில் இரண்டு தடவை நின்றார்கள்.